வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்ட லிங்க்

தொண்ணூறுகளின் கடைசியில் என் மனைவியின் தம்பி ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். அவள் அங்கே வேலை பார்த்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு மில்லுக்குப் போனவன். அவள் காலேஜ் முடித்தவள். சென்டருக்கு ஆள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து தனக்கென்று ஓர் இணையப் பக்கம் நடத்தினாள். எந்தப் பத்திரிகை, எந்த ஊர்ச் செய்தி இணையத்தில் எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டும் பக்கம். ஒரு பெயரை அழுத்தினால் அந்த இடத்துக்கே போய்விடலாம். அதைத்தான் லிங்க் என்பாள்.

பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். அவள் ஒவ்வொரு லிங்க்காக அழுத்துவாள். பக்கம் வந்தால் "உசுரு இருக்கு" என்பேன். வராவிட்டால் "போயிருச்சு" என்பேன். போனதை எடுத்துவிடுவாள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதிகம் பேச வேண்டியதில்லை; அவள் தோள் பக்கத்தில் இருந்தது.

அதன்பின், வேறு யாராவது இவள் பக்கத்துக்கு லிங்க் போட்டிருக்கிறார்களா என்று தேடுவாள். தேடும் தளத்தில் எங்கள் முகவரியைக் கொடுத்தால் அது சொல்லிவிடும். ஒருவரும் இல்லை என்றே ஒவ்வொரு வாரமும் சொன்னது. அவள் மானிட்டரைத் துணியால் துடைப்பாள்.

ஒரு நாள் தம்பி சொன்னான்: "அக்கா, ஞாயித்துக்கிழமையும் இப்ப ஆளு வருது. ஆடி முடியுற வரைக்கும் பாரு. ஒருத்தன்கூட ஒனக்கு லிங்க் போடலன்னா மூடிரு."

எனக்குக் கோபம் வந்தது. "நாம எம்புட்டுப் பேருக்குப் போட்டிருக்கோம்? நம்ம விசேஷத்துக்கு வராதவன் வீட்டுக்குப் பொறவு நாம போவோமா? அம்புட்டையும் எடுத்துரு."

"வழி கேக்கிறவனுக்கு வழி சொல்றோம். அந்த வீட்டுக்காரவுக நம்ம வீட்டுக்கு வந்தாகளான்னு பாத்தா சொல்ல முடியும்?" என்றாள்.

"சரி, நாம அவுகள முறையா அழைச்சோமா?"

மெயில் அனுப்பியும் பதில் இல்லை என்றாள். மெயில் ஓர் அழைப்பா? எங்கள் ஊரில் தபாலில் மட்டும் பத்திரிகை வந்தால் அந்தக் கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டும். அதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"அத்தான், வெத்தலைய வாங்கிட்டு லிங்க் போடப்போறானாக்கும்!" என்று தம்பி வாசல் வரை வந்து கேலி செய்தான்.

நாங்கள் லிங்க் போட்டிருந்தவர்களில் கிட்டத்தில் இருந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் செய்திகளுக்குப் பக்கம் நடத்திய இளைஞர். அவர் ஒரு ஜவுளிக்கடை மாடியில் குடியிருந்தார். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். சொந்தக்காரர் வீட்டில்கூட நான் முதலில் வாய் திறந்ததில்லை. ஆனால் அழைக்கும்போது ஆண்தான் பேச வேண்டும். வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டை நீட்டினேன்.

"யாருக்கு அண்ணாச்சி கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல... இவ ஒரு பக்கம் வச்சிருக்கா. அதுக்கு நீங்க ஒரு லிங்க் போடணும்."

அவர் விழித்தார். உள்ளேயிருந்து அவருடைய அம்மா, "ஏலே, தட்டைக் கையில வாங்கு. எம்புட்டு நேரம் நிப்பாக?" என்று அதட்டினார். வாங்கிக்கொண்டவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங்க மெயில இன்னும் நான் தொறக்கவே இல்ல மதினி" என்று சொல்லி, செத்த நேரத்தில் லிங்க்கைப் போட்டுவிட்டார்.

மறு ஞாயிறும் தேடும் தளம் ஒருவரும் இல்லை என்றது. அதற்குத் தெரிய நாளாகுமாம். அவள் நேராக அவருடைய பக்கத்தைத் திறந்து, அங்கிருந்த எங்கள் பெயரை அழுத்தினாள். எங்கள் பக்கம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்தது. பின்னால் நின்று பார்த்த தம்பி, "சரிக்கா, ஞாயித்துக்கிழமை இந்தச் சீட்டு ஒனக்குத்தான்" என்றான்.

அது அவள் காதில் விழவில்லை. திரும்ப அவர் பக்கத்துக்குப் போய், அந்த லிங்க் வழியாக எங்கள் பக்கத்துக்கு இன்னொரு தரம் வந்தாள். பிறகு மறுபடியும் அங்கே போய், என் கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தாள்.

"இப்ப நீங்க வாங்க" என்றாள்.