கதவுக்குப் பின்னால் நின்று சொன்ன பதில்கள்

வீடு வீடாகப் போய் வயதானவர்களிடம் கேள்வி கேட்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. மறதி முற்றுவதற்கு முன்னால், லேசாக எட்டிப் பார்க்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் நல்லது என்றார்கள். பன்வில, ஹந்தானைத் தேயிலைத் தோட்டங்களின் லய வீடுகளெல்லாம் ஏறி இறங்கினேன். இன்று என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்க வேண்டும். மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னால் நிற்கிற மனைவி பதிலைச் சொல்லிவிடுவாள். எங்கள் ஆட்களின் பழக்கம் அது. வெளி ஆள் முன்னால் வீட்டு மனிதர் திணறக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பரீட்சை அவருக்கா ஒங்களுக்கா? கொஞ்சம் பீலிப் பக்கம் போயி தண்ணியப் புடிங்கம்மா" என்று எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன்.

வத்தேகமையில் எங்கள் தெருவின் முறை வந்தது. சொந்த வீட்டை நானே செய்யக் கூடாது என்பதால் என்னோடு வேலை செய்த பிள்ளை ஒருத்தி வந்தாள். என் வீட்டுக்காரர் புடவைக் கடையில் முப்பது வருடம் நின்றவர். துவைத்த சட்டை போட்டு, தலை சீவி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன கெழமைங்க ஐயா?"

"வியாழன்" என்றேன் நான்.

அவள் பேனாவை மூடினாள். "அக்கா, கொஞ்சம் வெளிய நில்லுங்க."

போய் நின்றேன். வெட்கமோ கோபமோ ஒன்றும் வரவில்லை. உள்ளே அவர் மாதத்தைச் சரியாகச் சொன்னார். மூன்று சொற்களில் ஒன்றுதான் வந்தது.

பிறகு அவள் என்னிடம் வந்து, வீட்டார் சொல்ல வேண்டிய கேள்விகளைக் கேட்டாள். பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாறுகிறாரா? இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அவர் தொடங்குவார், நான் முடிப்பேன். தடுமாற நான் விட்டதே கிடையாது.

அவள் படிவத்தில் அந்த இடத்தை நிரப்பவில்லை. "நாளைக்குச் சொல்லுங்க அக்கா. அதுவரைக்கும் நீங்க எடுத்துக் குடுக்காம இருந்து பாருங்க. ஆம்னு வந்தாத்தான் கிளினிக்குக்குத் துண்டு எழுதலாம்."

மத்தியானம் சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை நீட்டினார். "இந்தா, அந்த... அந்த..." ஊறுகாய்ப் போத்தல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் என் வாயையே பார்த்தார். விரலால் காற்றில் ஏதோ காட்டினார். பிறகு கையை இழுத்துக்கொண்டு, "பரவால்ல, வேணாம்" என்று வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். தலையை நிமிர்த்தவே இல்லை.

தட்டைக் கழுவி வைத்தேன்.

மறுநாள் அந்தப் பிள்ளையிடம் ஆம் என்று போடச் சொன்னேன். அவள் எழுதிக் கொடுத்த துண்டை அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஊறுகா" என்றார். "நேத்து அதத்தான் கேட்டேன். நீ பேசாம இருந்தியா, எம்மேல ஏதோ கோவமாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."