மாப்பிள்ளைக்கு மொட்டை வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டில் ஒரு பஞ்சாயத்து. விஷயம் என்ன தெரியுமா? தலைமுடி!

தங்கை கணவர் சேகருக்கு லிம்போமா. நிணநீர்ப் புற்றுநோய் — அதிலும் வேகமாகப் பரவுகிற ரகம். கீமோ கொடுத்தும் திரும்பி வந்துவிட்டது. சென்னையில் டாக்டர்கள் இரண்டு சிகிச்சையைச் சேர்த்துச் செய்தார்கள். அவர் ரத்தத்திலிருந்தே புது ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்லையும், நோயை எதிர்க்கும் டி-செல்லையும் எடுத்தார்கள். டி-செல்கள் லேபுக்குப் போய், புற்றுநோயை அடையாளம் கண்டு அடிக்கக் கற்றுக்கொண்டன. பிறகு கடுமையான கீமோ. அதில் காலியான எலும்பு மஜ்ஜை மறுபடி துளிர்க்க ஸ்டெம் செல். மிச்சமிருக்கும் புற்றுநோயைத் தேடிப் பிடிக்க டி-செல். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிக்காததையெல்லாம் அவர் செல்கள் படித்துவிட்டன என்று கிண்டல் செய்வேன்.

செஞ்சிக்குத் திரும்பி மூன்று மாதம். ஸ்கேன் சுத்தம். ஆனால் எதிர்ப்புச் சக்தி இன்னும் கைக்குழந்தை அளவுதான். கூட்டம் கூடாது, சவரக்கத்தி கூடாது... சின்ன இன்ஃபெக்‌ஷன்கூட உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் அனந்தபுரத்திலிருந்து சேகரின் அக்கா கோவிந்தம்மா வந்து இறங்கினார். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் அவன் முடியை மேல்மலையனூர் அம்மனுக்குத் தருவதாக வேண்டிக்கொண்டாராம். முடிதான் வளர்ந்துவிட்டதே, அமாவாசைக்குப் போய்வரலாம் என்றார். அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

கீமோவில் கொட்டியதே போதாதா என்று கேட்டேன்.

“அது ஆஸ்பத்திரி எடுத்தது. சாமிக்குக் குடுத்ததா ஆவுமா?”

தங்கை அழாத குறை. அக்காவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத சேகரோ, போகலாமா என்பது போல என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? வேண்டிக்கொள்வது ஒருவர், மொட்டை இன்னொருவருக்கா என்று சீண்டினேன். கோவிந்தம்மாவுக்கு இடுப்பு வரை தொங்கும் பின்னல். அறுபது வயதிலும் அதில் ஒரு கர்வம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம்.

புதன்கிழமை நான் அங்கே போயிருந்தபோது, கேட்டுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. தலை முழுக்கச் சந்தனம். பார்த்தால்... கோவிந்தம்மா. அமாவாசை வரைகூட அவர் காத்திருக்கவில்லை. தங்கை ஓடிப்போய் கேட்டைத் திறந்தாள். அவர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

“கோயில் கூட்டத்துலேர்ந்து வரேன்மா. எதனா ஒட்டிக்கினு வந்துட்டா இன்னா பண்றது? அவன ஜன்னலாண்ட வரச் சொல்லு, பார்த்துட்டுப் போறேன்.”

ஜன்னலுக்கு உள்ளே நின்று சேகர் தேம்பித் தேம்பி அழுதார். ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் அழாத ஆள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று முழுக்க நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை. கவலைப்பட்டு என் மனைவி தெர்மாமீட்டரை எடுத்து வந்துவிட்டாள்.