காப்பகத்தின் முன்னால் நட்ட எட்டி

எந்த வேலையிலும் ஆறு மாதத்துக்கு மேல் நான் நின்றதில்லை. எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன். ஒரகடத்தில் ஒரு கம்பெனித் தோட்டத்துக்கு நாற்று வளர்க்கச் சேர்ந்தபோதும், கன்றுகளை நட்டு முடித்ததும் ஓசூருக்குப் போய்விடுவதாகத்தான் இருந்தேன்.

கம்பெனி நாட்டு மரங்கள் கேட்டிருந்தது. மதிலோரம் எட்டி. உறுதியான மரம், கரையான் அண்டாது. ஆனால் கொட்டையும் இலையும் விஷம். ஊழியர்களின் குழந்தைகள் காப்பகத்தின் முன்னால் தேற்றா. அதன் கொட்டையை இழைத்துவிட்டால் கலங்கிய தண்ணீர் தெளியும். பழுத்துவிட்டால் குழப்பமில்லை: எட்டிப் பழம் ஆரஞ்சு நிறத்தில் பெரிது, தேற்றாப் பழம் கறுத்துச் சிறிது. கன்றில் இரண்டும் உடன்பிறப்பு போல இருக்கும். இரண்டு இலையிலும் நரம்புகள் அடியிலிருந்தே பிரிந்து ஓடும்.

ஒரு மழையில் நாற்றுக் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து கன்றுப் பைகள் கலந்துவிட்டன. அகன்ற இலை எட்டி, சின்ன இலை தேற்றா என்று நானே பிரித்து அடுக்கினேன். வளராமல் பின்தங்கிய எட்டிக்கும் இலை சின்னதுதான் என்று யோசிக்கவில்லை.

நட்ட பிறகு களை எடுக்க வந்த பிள்ளைப்பாக்கத்து அக்கா, ஓர் இலையைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்துத் துப்பினார்.

“இன்னாப்பா, கொயந்தைங்க ஆடற எடத்துல எட்டிய வெச்சிகீற?”

“தேத்தாக்கா அது.”

“எம் மாமியா வாயே இதுக்குத் தேவலாம். நீயே வெச்சிப் பாரு. முழுங்கிடாத.”

வைத்துப் பார்த்தேன். தேற்றா இலை கசக்காது; இது கடுங்கசப்பு. எட்டிதான்.

தோட்டத்து சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. “அது காய்க்கறதுக்குள்ள நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன். உடு.”

“இலைய தின்னாலும் ஆபத்து சார்.”

“அப்போ நீயே பிரிச்சிக் குடுத்துட்டுப் போ. அதுவரிக்கும் ஓசூர்லாம் கெடையாது.”

யாரும் என்னைக் கட்டிவைக்கவில்லை. பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் ஒரு குழந்தை அந்த இலைகளைப் பறித்துச் சிரட்டையில் சமையல் செய்துகொண்டிருந்தது. இலைகளைப் பிடுங்கிக்கொண்டேன், அது அழுதது. கன்றுகளைச் சுற்றிப் பச்சை வலை கட்டினேன். தங்கிவிட்டேன்.

ஒவ்வொரு கன்றாக இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பிப் பார்த்தேன். ஒரு கசப்பு இலை பட்டால் அன்றைக்கு நாக்கு அவ்வளவுதான். அதற்குப் பிறகு தேற்றாவும் கசக்கும், டீயும் கசக்கும். சர்க்கரை, உப்பு, மோர் எதுவும் உதவவில்லை. ஆகவே கசந்தால் அந்தக் கன்றைப் பிடுங்கிவிட்டு அடுத்ததற்கு மறுநாள் வரை காத்திருந்தேன். அக்காவிடம் உதவி கேட்டேன். “எனக்கு சோறு எறங்க வாணாமா?” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாரக்கணக்கில் அந்த மதிலுக்குள்ளேயே கிடந்தேன்.

கடைசிக் கன்று கசக்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவர் வரிசையைப் பார்த்தார்.

“நடுவுல பல்லு போன மாதிரி கீதே. யார் ரொப்புவாங்க?”

“வேற மரம் வைக்கலாம் சார். புங்கன் இருக்கு.”

“லிஸ்ட்ல தேத்தாதான் கீது. கொட்டாயில மிச்சம் இருக்குதில்ல? அத்த வெச்சிட்டுக் கெளம்பு.”

அந்தப் பைகளையும் பிரித்து அடுக்கியவன் நான்தான். கொட்டகைக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு, முதல் பையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினேன்.