ஆறு கதவுக்கு ஒரு சாவி

சாந்தன்பாறை ஏலத் தோட்டத்தில் வயரிங் வேலை பார்க்கும் மரியஜோசப் மாமா, தொழிலாளருக்கான ஆறு கதவு கொண்ட வரிசை வீடான லயத்தில் இப்போது தனியாக இருக்கிறார். மற்ற ஐந்து வீட்டாரும் திருப்பூர், தென்காசி என்று போய்விட்டார்கள். அந்த ஐவரில் ஒருவரான, ஆறாம் வீட்டு நாங்கள் கம்பத்துக்குப் போனோம்.

தோட்டத்து ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை மாமா கேட்டு வாங்கினார். ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கலாம் என்று வீடியோ பார்த்துக் கற்றிருந்தார். “ஒரு கூரை, ஆறு கதவு. நம்ம லயந்தானே இது?” என்றார். கதவுக்கு ஒரு கம்ப்யூட்டர். அதில் அந்த வீட்டாரின் கல்யாணப் படங்கள், மாதா கோவில் திருவிழாச் சப்பர வீடியோக்கள். அவரவர் கதவை அவரவர் போனிலிருந்தே கடவுச்சொல் போட்டுத் திறந்துகொள்ளலாம்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் சயின்ஸ். வேலை இன்னும் அமையவில்லை. ஆனாலும் என்னைத்தான் போனில் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏ ஞானஜோதி, படத்துக்கெல்லாம் பெரிய ஹார்ட் டிஸ்க் இருக்கு. வீடியோல பூட் டிரைவ் தனியா வேணுங்காங்க. அது பூட்டுமா, தெறக்குமா?”

“தெறக்கும் மாமா. பெட்டிய எழுப்பிவிடுறதே அதுதான்.”

“அப்ப சாவின்னுல்ல பேரு வச்சிருக்கணும்! பென் டிரைவ் போதுமா, வெல கூடின எஸ்.எஸ்.டி. வேணுமா?”

எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் படித்தவள் அதை எப்படிச் சொல்வது? “பென் டிரைவே போதும்” என்றேன்.

பெட்டி ஓடத் தொடங்கியது. யார் கதவைத் திறந்து வந்துபோகிறார்கள் என்று அதிலேயே பார்க்க வழி உண்டு. சொன்னேன். அவர் பார்க்கவில்லை. “ஒருத்தரும் வரலன்னு தெரிஞ்சா என்ன செய்ய?” என்றார். நானே எங்கள் ஆறாம் கதவைத் திறந்ததில்லை.

ஆடி மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒருநாள் பெட்டி எழவில்லை என்றார். மறுநாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். பென் டிரைவ் செத்திருந்தது. பெட்டி ஓயாமல் எழுதும் குறிப்புகளை அந்தச் சின்னச் சாமான் தாங்கவில்லை. படங்கள் பத்திரமாக இருந்தன.

“என் தப்பு மாமா. தெரியாமலே சொல்லிட்டேன்.”

அவர் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. திருப்பூரிலிருந்து மூன்றாம் கதவு கத்தரீனாள் அக்கா.

“ஏலே மரியா, நேத்துலேர்ந்து என் கதவு தெறக்கலியே! பூட்டிப்போட்டு நீயும் ஓடிட்டியாலே? தெனமும் சப்பரத்தைப் பாத்துட்டுத்தான் நான் கம்பெனிக்குப் போறது.”

“தெனமுமா வாரே?”

“பின்னே, ஒங்கிட்ட சொல்லிட்டா வரணும்?”

மாமா இன்னொரு தடவையும் கேட்டார். “தெனமுமாக்கா?”

போனை வைத்த பிறகு, செத்துப்போன பென் டிரைவைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சரி, இப்ப எது வாங்க?”

“எனக்குத் தெரியல மாமா. படிச்சுப் பாத்துச் சொல்றேன்.”

அவருடைய கட்டிலில் உட்கார்ந்து போனில் ஒரு மணி நேரம் படித்தேன். பிறகு சொன்னேன்: “எஸ்.எஸ்.டி.யே ரெண்டு. ரெண்டுலயும் ஒரே மாதிரி எழுதி வைக்கலாம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தெறக்கும்.”

கடைக்குப் புறப்பட்டவர் வாசலில் திரும்பினார். “சாவி ரெண்டு. சரிதானே?”

சரிதான் என்றேன். அவர் வரும்வரை ஆறாம் கதவின் கடவுச்சொல் என்னவென்று யோசித்துக்கொண்டிருந்தேன்.