மகள் துப்பிய வைன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதத் திங்கட்கிழமை காலை. பாரிசில் எங்கள் தமிழ் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால், ஃபொபூர் சேன்-தெனி வீதியில் ஒரு வைன் கடை வரும். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படியொரு கடைக்குள் அன்றுதான் கால் வைத்தேன். என் மகளின் வேலையை நிறுத்தத்தான் போனேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் குடித்தே போய்ச் சேர்ந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பிரான்சுக்கு வந்த புதிதில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். மேசையிலிருந்து மிஞ்சி வரும் போத்தல்களின் அடியில் கிடந்ததைக் குடிக்கத் தொடங்கி, பிறகு வாங்கிக் குடித்து, ஈரல் பழுதாகி, மகள் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னே கண்ணை மூடிவிட்டார். அவரோடு நான் பட்டதெல்லாம் எனக்கும், பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் உள்ள எங்கள் வீட்டுச் சுவர்களுக்கும்தான் தெரியும். அந்த ஒரே பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமல் வளர்த்துவிட்டேன் என்பதுதான் எனக்கிருந்த ஒரே பெருமை.

அந்தப் பிள்ளை ஹோட்டல் படிப்பு படிக்கிறேன் என்று போய், கடைசியில் அந்தக் கடையில் வைன் ருசி பார்க்கிற வேலையில் வந்து நின்றாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா என்று கேட்பார்கள். என் வீட்டுப் பூனை அடுப்புக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டது! கேட்கிற சனத்துக்கு, மகள் ஒரு கந்தோரில் கணக்கு வேலை பார்க்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

அதோடு விட்டதா? பூர்கோனில் இருக்கும் ஒரு நிறுவனம் அவளை நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டது. திராட்சைத் தோட்டங்களுக்கும் வைனுக்கும் பேர்போன பகுதி அது. அங்கேயே தங்கி, இன்னும் பீப்பாயில் கிடக்கிற இளம் வைனை ருசி பார்த்து, எது தேறும், எது தேறாது என்று சொல்ல வேண்டுமாம். நான் அழுதேன், ஏசினேன், சமைக்காமல் படுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அவளே இறங்கி வந்தாள்.

"ஒருநாள் வந்து பாருங்கோ அம்மா. பாத்திட்டும் வேண்டாம் எண்டால், நான் போகேல்லை."

வேண்டாம் என்ற சொல்லை வாயில் தயாராக வைத்துக்கொண்டுதான் சம்மதித்தேன்.

போகும் நாளன்று தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, வாசனை எதுவும் பூசக் கூடாது என்று கட்டளை போட்டாள். அந்த மணம் வைனின் மணத்தைக் கெடுத்துவிடுமாம். கோயிலுக்குத்தான் சுத்தபத்தமாகப் போவது என்று நினைத்திருந்தேன், இதற்குமா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

குடிக்கிற இடம் என்றால் சத்தமும் சிரிப்புமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். உள்ளே பரீட்சை மண்டபம்போல் இருந்தது. நீள மேசையில் வெள்ளை விரிப்பு, வரிசையாகக் கண்ணாடிக் கிளாஸ்கள், இடையில் கடிக்க வெறும் பாண் துண்டுகள், பக்கத்தில் ஒரு வாளி. கடை முதலாளியான வயதான பிரெஞ்சுக்காரர், இன்னும் சில பேர், என் மகள். எனக்கு மூலையில் ஒரு கதிரை போட்டார்கள்.

முதலில் சிவப்பு, பிறகுதான் வெள்ளை. பூர்கோனில் பலர் அப்படித்தான் செய்வார்களாம். அவள் கிளாஸைச் சாய்த்து நிறம் பார்த்தாள், சுழற்றினாள், மூக்கை உள்ளே விட்டாள். பிறகு ஒரு வாய் எடுத்தாள். அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டை அசையவில்லை. வாய்க்குள் அலசிவிட்டு, அப்படியே வாளிக்குள் துப்பினாள். அடுத்ததையும் துப்பினாள். காலை முழுவதும் ஒரு துளியும் விழுங்கவில்லை. நான் எண்ணெய்ச் சட்டியைக் காவல் காப்பதுபோல் கண் இமைக்காமல் இருந்ததால் உறுதியாகச் சொல்கிறேன்.

இடையில் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து, மணந்து மட்டும் பார்க்கச் சொன்னாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்தேன். கணவரின் மூச்சு மணக்கும் என்று பயந்தேன். நாவற்பழம் மணத்தது. எனக்கே என்னை நம்ப முடியவில்லை.

ஒரு சிவப்பு வைனை எல்லோரும் முகம் சுளித்து ஒதுக்கினார்கள். கடும் சாயத் தேநீர்போல் நாக்கை இழுக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்றார் முதலாளி. என் மகள் அந்தக் கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மறுபடி மணந்து பார்த்தாள். இது வெறுமையானது இல்லை, இன்னும் வாய் திறக்கவில்லை, சில வருடம் போனால் இந்த மேசையில் இதுதான் முன்னுக்கு நிற்கும் என்றாள். எல்லோரும் புகழ்ந்த ஒரு வெள்ளை வைனை, மேலுக்குப் பீப்பாய் மரத்தின் வாசம்தான், அடியில் தண்ணீர், நாள் தாங்காது என்றாள். அந்தப் பெரியவர் இரண்டையும் திரும்ப ருசி பார்த்தார். பிறகு தன் தாளில் எழுதியிருந்ததை வெட்டித் திருத்தினார்.

புறப்படும்போது அவர் என்னிடம் வந்து, இப்படியொரு மூக்கு படித்து வருவதில்லை, வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. வராதா பின்னே? கொத்தமல்லி வேறு, சீரகம் வேறு என்று ஒவ்வொன்றாகப் பதம் பார்த்து வறுத்துத் தூள் இடிக்கிறவள் நான், அந்தக் குசினியில் வளர்ந்த பிள்ளை அவள் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அளந்துவிட்டேன்.

வெளியே வந்து லா சப்பல் பக்கம் நடக்கும்போதும் அதே கதைதான். என்னுடைய தூள் மணத்தால்தான் உனக்கு இந்த மூக்கு என்றேன். வழக்கமாக நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், அன்று தமிழிலேயே சொன்னாள்.

"இல்லை அம்மா. இது அப்பாவால வந்தது."

பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்பா வந்து மணியடித்தால் ஓடிப்போய்க் கதவைத் திறப்பவள் அவள்தான். அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போது மூச்சு அவளுடைய முகத்தில் படும். அதை வைத்தே என்ன குடித்திருக்கிறார், எவ்வளவு குடித்திருக்கிறார் என்று பிடித்துவிடுவாளாம்.

"பியர் எண்டால் சாப்பிட்டிட்டுப் படுத்திடுவார். வைன் எண்டால் அழுவார். விஸ்கி எண்டால்தான் பயம். அண்டைக்கு மட்டும் வயித்துக்குத்து எண்டு சொல்லி, வந்து உங்களோட படுக்கிறனான். நான் பக்கத்தில கிடந்தால் அப்பா உங்களுக்கு அடிக்கமாட்டார்."

நடுவீதியில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அந்த வயிற்றுக்குத்துக்கு எத்தனை டொக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்திருப்பேன்! ஒருவராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஓமத்தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தேன். அதையும் வாய் திறக்காமல் குடித்தாள்.

இவ்வளவும் பட்டுவிட்டு ஏன் பிள்ளை இந்த வேலை என்று மட்டும் கேட்டேன்.

"பயந்து பயந்து மணந்த மூக்கு அம்மா இது. இப்ப பயமில்லாமல் மணந்து பாக்கிறன். எனக்குப் பிடிச்சிருக்கு."

தயாராக வைத்திருந்த சொல் வாயிலேயே கரைந்துவிட்டது. போயிட்டு வா என்றேன். வேறு என்ன சொல்ல?

இப்போது அவள் பூர்கோனில்தான் இருக்கிறாள். சின்னப் பிள்ளைதானே, அதற்கென்ன தெரியும் என்று யாராவது தாய்மார் பேசும்போது நான் எழுந்து போய்விடுகிறேன். குடியின் நிழல் படாமல் என் பிள்ளையைக் காப்பாற்றி வளர்க்கிறேன் என்று நான் எண்ணிக்கொண்டிருந்த அந்த வருடங்கள் முழுவதும், இல்லாத வயிற்றுக்குத்துக்கு மருந்து குடித்து, அவள்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள்.