வயிற்றுக்குள் ஒரு சாயல்

போன வாரம் டிக்கோயாவில், டாக்டர் எங்கள் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர், அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே கிருமி!"

என் மகள் தர்ஷினிக்குப் பதினாறு வயது. சில மாதமாக வயிற்று எரிச்சல். எனக்கோ அது பல வருஷத்துச் சிநேகிதம். வெறும் வயிற்றில் குடிக்கும், பால் விடாத பிளேன்டீதான் காரணம் என்று ஊரே சொன்னது. இல்லையாம். இரைப்பையில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவாம்.

டாக்டர் விளக்கினார். சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுமாம் — பெரும்பாலும் அம்மாவிடமிருந்து. அதன் மரபணு ஆளுக்கு ஆள் மாறுமாம். பக்கத்து வீட்டாரின் வயிற்றில் இருப்பது வேறு, நம் வயிற்றில் இருப்பது வேறு. ஆனால் தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்திருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை!

எனக்குப் பகீரென்றது. ரொட்டியை மென்று மென்று ஊட்டியவள் நான்தானே?

தர்ஷினி மெதுவாகக் கேட்டாள். "எந்த அம்மா, டாக்டர்?"

அவருக்குப் புரியவில்லை. நான்தான் சொன்னேன் — தொப்புள்கொடி விழுமுன்பே நாங்கள் தத்தெடுத்த பிள்ளை. அது அவளுக்கும் தெரியும். தெரியாமலிருக்க விடுவார்களா? றொசல்லக் கோயில் திருவிழாவுக்குப் போனால் போதும்... "டீச்சரோட சாயலே இல்லீங்களே!" வருஷா வருஷம் யாராவது சொல்லிவிடுவார்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொள்வாள். சொன்ன வாயில் சுடச்சுட டீயை ஊற்றலாமா என்றிருக்கும் எனக்கு.

"அப்பன்னா அனேகமா இந்த அம்மாதான்" என்றார் டாக்டர். "மரபணுவப் பாத்தாதான் நிச்சயமா சொல்லலாம். இங்க அதெல்லாம் பாக்குறதில்ல."

"பாக்க வேணாங்க டாக்டர். அனேகமாவே போதுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள் பாருங்கள், ஒரு பார்வை... நோயைக் கொடுத்த தாயை எந்தப் பிள்ளையாவது அப்படிப் பார்த்திருக்குமா? டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

இருவருக்கும் ஒரே மாத்திரைகள். ஹட்டன் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"இதக் குடிச்சா அது செத்துருமாம்மா?"

"ஆமாடி."

"கொஞ்சம் பாவமா இருக்கும்மா."

எனக்கும்தான். ஆனாலும் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே செம்புத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வருஷத் திருவிழாவில் யாராவது சாயலைப் பற்றிப் பேசட்டும்... இரண்டு ரிப்போர்ட்டும் என் ஹேண்ட்பேக்கில்தான் இருக்கின்றன!