சுவருக்குக் கீழே இரண்டு ஆமைகள்

ராஜபாளையம் வீட்டில், மகள் புது ஆமையைக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டாள். பழைய ஆமை நேரே வந்து அதன் ஓட்டில் முட்டியது. ‘டொக்’.

சின்ன வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கிணற்றுக்குள்ளிருந்து கேட்ட அதே சத்தம். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுக் கிணறு; மேலே நடுவில் சுவர். புழு பூச்சியைத் தின்னட்டும் என்று அப்பா விட்ட ஆமை அதில் கிடந்தது. கிணற்றில் சோப்புத் தண்ணீர் விழுந்த தகராறில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. ஒருநாள் பெரியம்மா தன் பக்கத்திலிருந்து வாளியில் வைத்து வேறோர் ஆமையை இறக்கினார்.

தண்ணீருக்குள் ஏது சுவர்? பாசி வாடையோடு ‘டொக், டொக்’ என்று சத்தம் மேலேறி வந்தது. அம்மா குனிந்து பார்த்தாள். நானும் தலையை நீட்டினேன். தண்ணீரில் எங்கள் முகங்களுக்குப் பக்கத்திலேயே பெரியம்மாவின் முகமும் தெரிந்தது.

“ஏட்டி, சண்டை போடுதா, வெளாடுதா?” என்று கேட்டது அந்த முகம்.

“அதான்க்கா எனக்கும் தெரியல” என்றாள் அம்மா, தண்ணீரைப் பார்த்தே.

தொட்டியில் மறுபடியும் ‘டொக்’.

“பிரிச்சு விட்ரவாப்பா?” என்றாள் மகள்.

“செத்த நேரம் பொறு, பேசட்டும்.”